ஏழையாவது எப்படி?

காட்சி இது: அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஏதோ ஒரு நகரம், வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகம். எதிரே எண்பது வயது முதியவர் அமர்ந்திருக்கிறார். மடியில் பழைய தோல்பை. பைக்குள் வீட்டுப் பத்திரம், பேங்குக் கணக்குகள், ஐந்தாண்டுகளின் செலவுச் சீட்டுகள். கொலைக் குற்றமா? இல்லை. கொடுக்கல் வாங்கல் தகராறா? அதுவும் இல்லை. அவருடைய மனைவிக்கு மறதி நோய். பெற்ற மகளைப் பார்த்தே ‘நீ யார்’ என்று கேட்கும் அளவுக்கு முற்றிவிட்டது. இனி இரவும் பகலும் அருகில் ஆள் வேண்டும். பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தாலோ, ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டும். நாற்பதாண்டு உழைத்துச் சேர்த்தது நாலாண்டுக்குக் காணாது.

“ஐயா, அரசு உதவாதா?” என்கிறார் முதியவர்.

“உதவும். தாங்கள் ஏழையான பிறகு உதவும்.”

“ஏழையாவது எப்படி?”

அந்தக் கேள்விக்கு விடை கூறுவதுதான் எதிரே அமர்ந்திருப்பவரின் தொழில்!

பெயரில்லாத கற்பனைக் காட்சிதான். ஆனால், தொழில் கற்பனையன்று. ‘முதியோர் சட்டம்’ என்று ஒரு தனித்துறையே அங்கு வளர்ந்திருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் அத்துறையினர் நாடளாவிய சங்கமும் கண்டனர். நிலம் வாங்க, வணிகம் தொடங்க, செல்வம் பெருக்க யோசனை கேட்பது உலக வழக்கம். இங்கோ, கட்டணம் கொடுத்து வறுமைக்கு வழி கேட்கிறார்கள். அதுவும், சட்டத்துக்கு உட்பட்ட வறுமைக்கு!

“மேல்நாட்டான் பெற்றோரைத் தெருவில் விட்டவன், அவன் நாகரிகமே அப்படி” என்று இங்கே சிலர் சொல்லக்கூடும். “தலையெழுத்து” என்று வேறு சிலர் பெருமூச்சு விடக்கூடும். இரண்டும் ஆராயாத பேச்சு. தலையில் எழுதியதை யாரும் பார்த்ததில்லை. இதுவோ தாளில் எழுதியது. எழுதிய ஆண்டு தெரியும், எழுதிய மன்றம் தெரியும். ஆகவே படித்துப் பார்ப்போம்.

அமெரிக்க வரலாறு என்று வகுப்பில் நாங்கள் நடத்துவது பாஸ்டன் தேயிலையும் லிங்கனின் விடுதலைப் பிரகடனமும். நியூ இங்கிலாந்து ஊர்களில் நடந்த ஓர் ஏலத்தைப் பற்றிப் பாடநூல் பேசுவதில்லை. ஏலத்தில் நின்றது மாடன்று, மரக்கட்டையன்று, ஆதரவற்ற மனிதர்கள். கணவனை இழந்த கிழவி, கை விழுந்த தொழிலாளி, பிள்ளையில்லாத முதியவர். மற்ற ஏலங்களில் அதிகம் கேட்பவனுக்குப் பொருள் போகும். இந்த ஏலத்தில் மிகக் குறைத்துக் கேட்பவனுக்கே ஆள் போவார்! ‘ஊர்ப் பணத்தில் ஆண்டுக்கு இவ்வளவு கொடுங்கள், இந்தக் கிழவியை நான் வைத்துக்கொள்கிறேன்’ என்பதுதான் கேள்வி. இருப்பதில் குறைந்த தொகைக்கு எடுத்தவன், அதிலும் மிச்சம் பிடித்தாக வேண்டுமல்லவா? எங்கிருந்து பிடிப்பான்? கிழவியின் கஞ்சிக் கலயத்திலிருந்துதான்.

பென்சில்வேனியாவில் வேறொரு முறை. ஊர் உதவி பெறுவோர் அனைவரும் வலக்கைச் சட்டையில் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தைச் சிவப்பிலோ நீலத்திலோ துணியால் வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும் என்று 1718-ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையிட்டது. பிச்சைக்காரன் என்பதற்கு அடையாளம் அது. உதவி வேண்டுமா, மானத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வா என்பதே அச்சட்டத்தின் பொருள்.

1824-இல் நியூயார்க் மாநிலச் செயலாளர் யேட்ஸ் ஓர் அறிக்கை அளித்தார். ஏலமுறையின் கொடுமைகளை அவர் மறைக்கவில்லை. ஆனால், அவர் கண்ட மருந்து என்ன? மாவட்டந்தோறும் ஏழையர் விடுதி! ஒரே கூரையின் கீழ் அனாதைக் குழந்தை, மனநோயாளி, குடிகாரன், கூன் விழுந்த பாட்டி, எல்லாரும். உள்ளே வாழ்வு இனிக்கக் கூடாது. இனித்தால் சோம்பேறிகள் வந்து சேர்வார்கள் என்பது அக்காலத்தாரின் கணக்கு. எண்பது வயதில் சோம்பலுக்காக எவர் வருவார் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. காலப்போக்கில் குழந்தைகளை அனாதை இல்லங்களுக்கு மாற்றினர். மனநோயாளிகளை அவர்களுக்குரிய மருத்துவமனைகளுக்கு மாற்றினர். விடுதியில் எஞ்சியவர்கள் முதியவர்களே. ‘குன்றைத் தாண்டி ஏழையர் விடுதிக்கு’ என்று வில் கார்ல்டன் 1870-களில் பாட்டெழுதினார். ஆறு பிள்ளைகளைப் பெற்ற தாய் அவ்விடுதிக்கு நடந்து செல்லும் கதை. அந்தப் பாட்டு நாடெங்கும் பரவியதில் வியப்பில்லை. அந்த நடையை எண்ணி நடுங்காத வீடு அங்கே இல்லை.

செல்வர்களும் சமயச் சங்கங்களும் வேறு இல்லங்கள் கண்டதுண்டு. பிலடெல்பியாவில் 1817-இலேயே ஆதரவற்ற விதவையருக்கென ஒரு சங்கம் தோன்றியது. அத்தகைய இல்லங்கள் பலவற்றில் நுழைவுப் பணமும் வேண்டும், நன்னடத்தைச் சான்றும் வேண்டும். ‘தகுதியுள்ள ஏழை’, ‘தகுதியற்ற ஏழை’ என்று ஏழ்மைக்குள்ளேயே இரு சாதி!

1929-இல் பொருளாதாரம் சரிந்தது. பேங்குகள் மூடின; கிழவர்களின் சேமிப்பு காற்றாகப் போனது. கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் டவுன்சென்ட் என்றொரு மருத்துவர், வேலையிழந்தவர், அறுபத்தாறு வயதினர். 1933-இல் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவரது திட்டம் விரைவில் நாடறிந்ததாயிற்று: அறுபது கடந்து ஓய்வு பெற்ற ஒவ்வொருவருக்கும் மாதம் 200 டாலர், அதனை முப்பது நாளில் செலவழித்துவிட வேண்டும். கணக்குக்கு உதவாத திட்டம் என்று பொருளியலறிஞர் எள்ளினர். கணக்கில் அவர்கள் சொன்னது சரிதான். ஆனால், ஊருக்கு ஊர் டவுன்சென்ட் மன்றங்கள்! இலட்சக்கணக்கான முதியவர்கள் ‘எங்களுக்கு உரிமை உண்டு’ என்று முதன்முறையாகக் கூடிக் குரல் கொடுத்தனர். வாஷிங்டன் அதற்குச் செவிசாய்க்காமல் இருக்க முடியவில்லை.

1935 ஆகஸ்டு 14-இல் ரூசுவெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒப்பமிட்டார். அச்சட்டத்தில் இரண்டு கதவுகள் இருந்தன. தோழர்கள் இதைக் கருத்தில் இருத்த வேண்டும். பின்னர் வரும் துன்பமெல்லாம் இந்த இரட்டைக் கதவிலிருந்து வருவதே.

முதற் கதவு, காப்பீடு. உழைக்கும் காலத்தில் கூலியிலிருந்து சிறு தொகை கட்டுகிறாய். முதுமையில் உரிமையாகப் பெறுகிறாய். வெர்மாண்ட் மாநிலத்து ஐடா மே ஃபுல்லர் அம்மையாருக்கு 1940 சனவரி 31-ஆம் நாளிட்ட முதல் மாதக் காசோலை வந்தது. 22 டாலர் 54 சென்ட். அவர் நூறு வயது வரை வாழ்ந்து, மாதந்தோறும் பெற்றார். ‘வீடு உண்டா, நகை உண்டா’ என்று எவரும் அவரிடம் கேட்கவில்லை.

இரண்டாம் கதவு, முதியோர் உதவி. அது வறியவர்க்கு மட்டும். அங்கே கேள்விகள் உண்டு, சோதனைகள் உண்டு. அத்துடன் ஒரு நிபந்தனையும் உண்டு: அரசு விடுதியில் வாழ்வோருக்கு இப்பணம் கிடையாது. நோக்கம் நல்லதே, ஏழையர் விடுதிகள் ஒழிய வேண்டும் என்பதற்காக இட்ட நிபந்தனை அது. விளைவோ எவரும் எதிர்பாராதது. நடக்கவும் முடியாத முதியவர் காசோலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவார்? வேலையற்றிருந்த தாதி ஒருத்தி தன் வீட்டின் மாடி அறையில் நான்கு கட்டில் போட்டாள். பெரிய வீட்டை வைத்துக்கொண்டு திண்டாடிய விதவை, ஆறு கட்டில் போட்டாள். கட்டில்கள் பெருகின, தொழிலாயிற்று. 1950-இல் சட்டம் திருந்தி, அரசு நேராகவே மருத்துவப் பராமரிப்பு அளிப்போருக்குப் பணம் கொடுக்கலாம் என்றாயிற்று. 1954-இல் கட்டடம் எழுப்பவும் பொதுப்பணம் கிடைத்தது. இன்று ‘நர்சிங் ஹோம்’ என்று அமெரிக்கர் அழைக்கும் பராமரிப்பு இல்லம் இவ்வாறு பிறந்தது. (நம்மூரில் அப்பெயர் சிறு தனியார் மருத்துவமனையைக் குறிக்கும், இது வேறு.) அது மருத்துவர் வகுத்த திட்டத்தில் பிறந்ததன்று; ஒரு சட்டப் பிரிவின் சந்தில் முளைத்தது.

முதற் கதவும் எல்லார்க்கும் திறக்கவில்லை. வயலில் உழைத்தோர், வீட்டு வேலை செய்தோர் 1935-இல் அதற்குப் புறம்பானவர். தெற்கு மாநிலங்களில் அவ்வேலைகளைச் செய்தோரில் பெரும்பகுதி கறுப்பின மக்கள். பிறர் வீட்டு முதியோரைத் தூக்கிக் குளிப்பாட்டியவளுக்குத் தன் முதுமைக்கு உரிமை இல்லை! 1950-இல்தான் நிரந்தர வீட்டு வேலையாட்களுக்கு இடம் கிடைத்தது.

அடுத்து 1965 சூலை 30. மிசௌரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் நகரில், முன்னாள் குடியரசுத் தலைவர் ட்ரூமனை அருகில் வைத்துக்கொண்டு, லிண்டன் ஜான்சன் மருத்துவச் சட்டத்தில் ஒப்பமிட்டார். முதல் அட்டை ட்ரூமனுக்கு. பெருமைக்குரிய நாள், அதில் ஐயமில்லை. ஆனால், அங்கேயும் அந்த இரட்டைக் கதவு!

மருத்துவமனைச் செலவு முதற் கதவு வழியே சென்றது. மெடிகேர் என்பது அதன் பெயர். இதயம் நின்றுபோகும் நிலையா? கோடீசுவரனுக்கும் உண்டு, கூலிக்காரனுக்கும் உண்டு. சொத்துக் கணக்கு கேட்பதில்லை. நீண்டகாலப் பராமரிப்போ இரண்டாம் கதவுக்குத் தள்ளப்பட்டது. மெடிக்கெய்டு என்பது அதன் பெயர். மருத்துவமனையில் மூன்று நாளாவது உள்நோயாளியாக இருந்து வெளிவந்தவருக்கு, பயிற்சி பெற்ற தாதியர் பணி தேவைப்பட்டால், நூறு நாள் வரை மெடிகேர் உதவும். அதிலும் முதல் இருபது நாளுக்கே முழுமையாக. குளிப்பாட்ட, உணவூட்ட, எழுப்பி உட்காரவைக்க மட்டும் ஆள் வேண்டுமா? அது மருத்துவமன்று, ஆகவே இல்லை!

மறதி நோய் பிடித்த மூதாட்டிக்கு அறுவைச் சிகிச்சை எதற்கு? அவளுக்கு வேண்டியது ஒரு கரண்டிச் சோறும், அதை ஊட்ட ஒரு கையும். அந்தக் கைக்கு அரசு கூலி கொடுக்க வேண்டுமானால், அவள் முதலில் ஓட்டாண்டியாக வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் தனியொருவர் கையிருப்பு 2,000 டாலருக்கு மேல் இருத்தலாகாது. வறியவர்க்கான கூட்டரசு உதவித்தொகையின் வரம்பை ஒட்டியது இது. அவ்வரம்பு 2,000 ஆனது 1989-இல். விலைவாசி இரு மடங்குக்கும் மேல் ஏறியபின்னும் அது அசையவில்லை. கணவனோ மனைவியோ வாழும் வீட்டை விட்டுவைப்பர். ஒரு கார் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றுக்கும் இசைவு உண்டு: தன் சவ அடக்கத்துக்கு முன்பணம் கட்டி வைத்துக்கொள்ளலாம்!

ஆக, பணம் நிரம்பியிருந்தால் பராமரிப்பு. பணமே இல்லையென்றால் பரிதாபம். இடைப்பட்டவருக்கு மட்டும் வழக்கறிஞர்.

அவர் சொல்லிக் கொடுப்பவை மந்திரமல்ல. அறிவு தெளிவாக இருக்கும்போதே அதிகாரப் பத்திரம் எழுதி, நம்பிக்கையானவர் பெயரைக் குறியுங்கள் என்பார். மறதி முற்றியபின் கையொப்பம் செல்லாது. பெற்றோர் வீட்டிலேயே இரண்டாண்டு உடனிருந்து, அவர்கள் இல்லம் புகுவதைத் தள்ளிப்போட்ட மகளுக்கு வீட்டை எழுதிவைக்கச் சட்டம் இடம் தருகிறது என்பார். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொடுத்த பணமும், ஐந்தாண்டுக்குள் கொடுத்ததானால், தண்டனைக் காலமாக எண்ணப்படும் என்று எச்சரிப்பார். இவற்றைத் தெரியாதவர் கண்மூடித்தனமாக வீட்டைப் பிள்ளை பெயருக்கு மாற்றிவிட்டு, உதவி கிட்டாமல் மாதக்கணக்கில் தவித்ததுண்டு.

1988-க்கு முன்பு நிலை இன்னும் இழிவு. ஒருவர் இல்லம் புகுந்தால் இருவர் சேமிப்பும் கரையும். வீட்டில் தங்கிய துணைக்கு அடுப்பெரிக்கவும் காசிராது. ஐம்பதாண்டு கூடி வாழ்ந்தவர்கள், அன்பு குறையாமலே, மணவிலக்குக் கேட்டு நீதிமன்றம் ஏறினர். ‘பிரித்து வையுங்கள், அப்போதுதான் அவளைக் காப்பாற்ற முடியும்!’ அந்த ஆண்டுச் சட்டம்தான், வீட்டில் தங்குபவர் குறைந்தது 12,000 டாலராவது வைத்துக்கொள்ளலாம் என்றது. அச்சட்டத்தின் பெரும்பகுதியை மறு ஆண்டே நீக்கிவிட்டனர். இப்பகுதி மட்டும் பிழைத்தது.

அதன்பின் காற்று மாறியது. கிழவர்கள் அரசை ஏமாற்றுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. 1993-இல் ஒரு சட்டம்: உதவி பெற்றவர் இறந்தபின், மாநிலம் அவரது சொத்திலிருந்து செலவைத் திரும்பப் பெற்றாக வேண்டும். உயிரோடிருக்கையில் விட்டுவைத்த வீட்டுக்குச் சாவுக்குப்பின் சீட்டு வரும்! 1996-இல் இன்னும் ஒரு படி. உதவி பெறுவதற்காகச் சொத்தைக் கைமாற்றுவது சில நிலைகளில் குற்றம் என்றே எழுதினர். அபராதம் உண்டு, சிறையும் உண்டு. ‘பாட்டியைச் சிறைக்கு அனுப்பும் சட்டம்’ என்று மக்கள் பெயர் சூட்டினர். நாடு நகைத்தது; மன்றம் நாணியது. நாணியவர்கள் செய்த திருத்தம்தான் வேடிக்கையிலும் வேடிக்கை. 1997-இல் பாட்டியை விடுவித்துவிட்டு, கட்டணம் பெற்று அவளுக்கு யோசனை கூறியவரைக் குற்றவாளியாக்கினர். ஓராண்டுச் சிறை, 10,000 டாலர் அபராதம்!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சொத்தைக் கைமாற்றுவது குற்றமன்று. அதைக் கைமாற்றலாம் என்று வாயால் சொல்வது குற்றம். சட்டத்தில் உள்ளதைப் படித்துக் காட்டினால் சிறை! எழுத்தறிந்தவன் அறியாதவனுக்குப் படித்துக் காட்டலாகாது என்ற விதி நமக்குப் புதிதன்று. பேச்சுரிமையைத் தன் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமாக வைத்திருக்கும் நாட்டில் அது முளைத்ததுதான் புதிது. நியூயார்க் வழக்கறிஞர் சங்கம் வழக்குத் தொடுத்தது. தலைமைச் சட்ட அதிகாரி ஜேனட் ரீனோவே, இச்சட்டத்தை நாங்கள் செயற்படுத்த மாட்டோம் என்று 1998-இல் மன்றத்துக்கு எழுதிவிட்டார். அவ்வாண்டே நீதிமன்றமும் தடை விதித்தது.

‘அவர்கள் சொன்னதில் உண்மையே இல்லையா? வசதி படைத்தவன் சொத்தை ஒளித்துவிட்டு ஏழையின் பங்கை உண்பதில்லையா?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. அப்படிச் செய்வோர் உண்டு. அதற்கு வழிகாட்டிப் பிழைப்போரும் உண்டு. நான் அவர்களுக்காக வாதாடவில்லை. ஆனால், பெருஞ்செல்வன் மெடிக்கெய்டு வாசலில் ஏன் நிற்கிறான்? பணம் கொடுத்தே நல்ல இடம் பெறுவான். வரம்பைத் தாண்டிக் கொஞ்சம் சேமித்த பள்ளி ஆசிரியர், பேருந்து ஓட்டியவர், கடைநிலை எழுத்தர், இவர்கள்தாம் அந்தத் தோல்பையோடு வருகிறார்கள். 2005 டிசம்பரில் மேலவையில் ஐம்பதுக்கு ஐம்பது என்று வாக்குகள் நிற்க, துணைத் தலைவர் செய்னியின் ஒற்றை வாக்கால் ஒரு மசோதா தேறியது. 2006 பிப்ரவரியில் சட்டமாயிற்று. மூன்றாண்டுக் கணக்கு ஐந்தாண்டுக் கணக்கானது அதில்தான்.

தனியார் காப்பீடு இருக்கிறதே என்பாரும் உளர். இருந்தது. இளமையில் எடுத்தவர்க்கு முதுமையில் கட்டணம் ஏறியது. கட்ட முடியாமல் பலர் கைவிட்டனர். பென் ட்ரீட்டி என்ற நிறுவனம் 2017-இல் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பத்திரங்கள் அதனிடம் இருந்தன.

‘பிள்ளைகள் எதற்கு இருக்கிறார்கள்?’ இந்தக் கேள்வி நமக்கே உரியது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. எலிசபெத் அரசியாரின் 1601-ஆம் ஆண்டு ஏழையர் சட்டம், வறிய பெற்றோரைப் பிள்ளை காக்க வேண்டும் என்று எழுதியது. அது கடல் தாண்டிச் சென்று, பல அமெரிக்க மாநிலங்களின் ஏடுகளில் இன்றும் கிடக்கிறது. பென்சில்வேனியாவில் 2012-இல் அது விழித்துக்கொண்டது. தாய் தங்கிய இல்லத்துக்குப் பாக்கி, ஏறத்தாழ 93,000 டாலர். மகனே கட்டுக என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாசத்தைச் சட்டமாக்கியதன் பயன், அது கடன் வசூலிப்போர் கையில் கருவியானதுதான்.

வேறு வழியே இல்லையா? ஜெர்மனி 1995-இல் பராமரிப்புக் காப்பீடு கண்டது. உழைப்பவரும் முதலாளியும் கூடிக் கட்டுவது. ‘எங்கள் பங்குக்கு ஈடு என்ன?’ என்றனர் முதலாளிமார். ஆண்டுதோறும் விடுமுறையாக இருந்த ஒரு திருநாளை, மனம் வருந்தித் தொழும் நாளை, வேலை நாளாக மாற்றி ஈடு கொடுத்தனர்! சாக்சனி மாநிலம் மட்டும் திருநாளை விட மறுத்தது. ஆகவே, அங்குத் தொழிலாளர் கூடுதலாகக் கட்டுகின்றனர். தொழுகை நாளை முதியோர் கஞ்சிக்கு மாற்றிக்கொண்ட அந்தக் கணக்கு எனக்கு மிகப் பிடித்தது. ஜப்பான் 2000-இல் தொடங்கியது. நாற்பது வயதிலிருந்து அனைவரும் கட்டுகின்றனர். அமெரிக்காவில் எட்வர்ட் கென்னடி போராடிய திட்டம் 2010-இல் சட்டமாகி, ஒரு முதியவருக்கும் ஒரு காசும் தராமலே 2013 சனவரியில் நீக்கப்பட்டது.

ஒரு மாநிலம் மட்டும் துணிந்தது. வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலம் 2019-இல் சட்டம் இயற்றி, 2023 சூலை முதல் கூலியில் நூறு டாலருக்கு 58 சென்ட் பிடிக்கத் தொடங்கியது. வாழ்நாளில் ஒருவர் பெறத்தக்கது 36,500 டாலர். பராமரிப்பு இல்லத்தில் நான்கு மாதத்துக்கு வந்தால் அதிகம். பெரிய தொகையன்று. விரும்பியவர் மட்டும் கட்டட்டும் என்றாக்கி அதைச் சாய்க்க, 2024 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தனர். மக்கள் அந்த யோசனையைத் தோற்கடித்தனர். வீட்டுப் பத்திரமும் பேங்குக் கணக்கும் அத்திட்டத்துக்குத் தேவையில்லை. குளித்தல், உண்ணல், உடுத்தல், எழுந்து நடத்தல் முதலிய அன்றாடச் செயல்களில் மூன்றுக்கேனும் துணை வேண்டுமா என்பதே அங்கு ஆராயப்படும் வினா.